வெள்ளைத் தந்தப் பன்றிக்கான வரிசை

வரிசையில் நின்ற முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் ரெகினா பிலார்ஸ்காவைப் பிடிக்காது. ஆனாலும் அவர் எழுதிய பட்டியலில் தன் பெயர் இல்லாமல் போவதை ஒருவரும் விரும்பவில்லை.

ஓப்போலே நகரத்து மருத்துவமனையொன்றின் துணிக்கிடங்கில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எண்ணிக்கையில் ஒரு தலையணை உறை குறைந்தாலும் மருத்துவரையே கிடங்கு வாசலில் நிறுத்திவைப்பார் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்வதுண்டு. இருபத்திரண்டு வயதில், கடைகளில் எதுவும் கிடைக்காத அந்தக் காலத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்காக ஒன்பது நாள் வரிசையில் நின்றார். அந்த வரிசையின் பட்டியலை எழுதியவரும் அவர்தான். ஒவ்வொரு மணிக்கும் பெயர் கூப்பிடுவார். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார். ஒன்பதாம் நாள் லாரியில் துவைக்கும் இயந்திரம் வரவில்லை, தையல் இயந்திரம் வந்தது. தைக்கத் தெரியாத அவர் அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அறுபத்தோராம் வயதில் அதே முறையை அவர் ஒரு கணினி விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்.

அந்த விளையாட்டில் ஆண்டுக்கொருமுறை உலகம் புதிதாகத் திறக்கும். பழைய செல்வம் எதுவும் தொடராது. எல்லோரும் ஒரு சட்டை, ஒரு கத்தி, காலிப் பணப்பை ஆகியவற்றோடு தொடங்க வேண்டும். தலைநகரச் சந்தையில் நாற்பது கடைகளே உண்டு. முதல் நாளில் எவர் பணம் சேர்த்து ஒரு கடையைப் பிடிக்கிறாரோ அவர் ஆண்டு முழுவதும் முதலாளி. மற்றவர்கள் காட்டில் வெட்டியதையும் பறித்ததையும் அந்த நாற்பது பேரிடம், அவர்கள் சொல்லும் விலைக்கு விற்றாக வேண்டும். அவ்வளவு பணம் ஒரே அடியில் கிடைப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. கல்லுடைத்த பள்ளத்தில் அரை மணிக்கு ஒருமுறை வெள்ளைத் தந்தப் பன்றி ஒன்று தோன்றும். அதைக் கொன்று தந்தத்தைக் கொல்லனிடம் விற்றால் ஒரு கடையின் விலை அப்படியே கைக்கு வரும்.

முந்தைய மூன்றாண்டுகளும் ரெகினா தம் மருமகன் சாரெக்கின் கூட்டத்தில் இருந்தார். அவர் பறித்த மூலிகைகள் சாரெக்கின் கடைக்குப் போயின; லாபமும் அவனுக்கே போயிற்று. பதிலுக்கு அவன் எல்லோர் காதிலும் விழும்படி அவரைப் ‘புல்லுக்கட்டு அத்தை’ என்று அழைத்தான். மாமியாரும் மருமகனும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டு கணினிகளுக்கும் நடுவில் ஒரு சுவர். இந்த ஆண்டு அவர் கூட்டத்தை விட்டு விலகினார். தமக்கென ஒரு கடை வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உலகம் திறந்தது. ஆறரைக்கு முதல் பன்றி வந்தபோது பள்ளத்தில் இருபது பேர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரெகினா அந்தச் சண்டையில் இறங்கவில்லை. மைக்கைத் திறந்துவைத்துக்கொண்டு, வந்தவர்கள் எந்த வரிசையில் வந்தார்களோ அதே வரிசையில் பெயர்களை எழுதி, எல்லோரும் பார்க்கும் ஒரு பக்கத்தில் போட்டார். தம்மை ஒன்பதாவதாக எழுதினார், ஒன்பதாவதாகத்தான் வந்திருந்தார். நான் பத்தாவது. சண்டைக்கு நடுவிலும் முதல் பன்றி முதலாவதாக வந்தவருக்கே போனது.

விதிகள் ஐந்து. ஒவ்வொரு மணி நேரமும் இருபதாம் நிமிடத்தில் பெயர் கூப்பிடப்படும். குரல் கொடுக்காதவர் நீக்கப்படுவார், காரணம் கேட்கப்படாது; பின்னால் நிற்பவர்கள் ஓரிடம் முன்னேறுவார்கள். வரிசையை மீறிப் பன்றியைத் தொடுபவரை எல்லோரும் சேர்ந்து கொல்லலாம். வரிசையில் இருப்பவரைத் தாக்கியவர், வரிசையில் ஒருவர் சாட்சி சொன்னால் நீக்கப்படுவார், தாக்கப்பட்டவருக்கு அவருடைய இடம் திரும்பக் கிடைக்கும். பட்டியல் எழுதுபவர் இல்லாத நேரத்தில் வரிசையின் கடைசி ஆள் பெயர் கூப்பிட வேண்டும், ஏனெனில் ஆதாயம் குறைவாக உள்ளவர் அவர்தான்.

ஏழு மணிக்குள் வெட்டுக்குத்து நின்றது. வசவு மட்டும் நிற்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு ஓல்கியெர்ட் நீக்கப்பட்டார். தோருண் நகரத்துப் பல் மருத்துவரான அவர் எனக்கு அடுத்தபடியாக நின்றவர்.

“நாலு நிமிஷம் மேடம்! தாடை வீங்கிப்போய் ஒரு பேஷன்ட் போன் பண்ணினார். எடுக்காம இருக்க முடியுமா?”

“காரணம் கேக்கலை டாக்டர். கடைசில போய் நில்லுங்க.”

“நீங்கல்லாம் ஒரு மனுஷியா?”

“முப்பத்தெட்டு. ஓல்கியெர்ட். அடுத்து?”

அவருக்குப் பின் புதிதாக யாரும் சேரவில்லை.

சாரெக் தன் ஆட்கள் ஆறு பேரோடு ஏழரைக்குத்தான் வந்திருந்தான். அவன் எண் முப்பத்தொன்று. பத்து மணிக்கு எட்டாம் ஆள் தந்தத்தை எடுத்துக்கொண்டு போனார். பத்தரைக்கு வரும் பன்றி ரெகினாவுடையது. அப்போது அவருடைய மைக்கில் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அவர் அதை அணைக்கவில்லை. வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அத்தை, என் பேரை பத்துக்குள்ள போடுங்க.”

“உன் நம்பர் முப்பத்தொண்ணு மாப்ள.”

“வீட்டு ஆளுக்குக்கூடக் கிடையாதா?”

“வீட்டு ஆள் சீக்கிரம் எந்திரிச்சிருக்கணும்.”

“கடையை வாங்கி நீங்க என்ன பண்ணப்போறீங்க? விக்கத் தெரியுமா உங்களுக்கு? புல்லுக் கட்டத்தானே தெரியும்?”

“மூணு வருஷம் என் புல்லை வித்துத்தானே நீ குதிரை ஏறினே? இறங்கி நட. உடம்புக்கு நல்லது.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ரெகினாவின் மகள் டக்மாராவின் குரல் வந்தது: “ரெண்டு பேரும் வாயை மூடுங்க! முட்டைக்கோஸ் அடிப்பிடிச்சு வீடெல்லாம் நாறுது!”

“லிஸ்டைக் கிழிச்சுப் போடுங்க அத்தை. லிஸ்ட் இல்லன்னா எங்க ஏழு பேரை எதுத்து இங்க எவனும் நிக்க மாட்டான்.”

“அதனாலதான் லிஸ்ட்.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

பத்து பதினெட்டுக்குப் பள்ளத்தின் மேல்விளிம்பில், புதர்களுக்கு நடுவே ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. இரண்டு அம்புகள் வந்தன. முதலாவது ரெகினாவின் தோளில் பாய்ந்தது, இரண்டாவது கழுத்தில். அவர் விழுந்தார். மற்றவர்கள் பன்றி வரும் குகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்கு நேர் பின்னால் நின்றேன். அந்தத் தொப்பி யாருடையது என்பது எனக்குத் தெரியும்.

அந்த விளையாட்டில் செத்தவர்களுக்குக் குரல் இல்லை. அவர்கள் ஊருக்கு வெளியே இருக்கும் இடுகாட்டில் எழுந்து திரும்பி நடந்து வர வேண்டும். அங்கிருந்து பள்ளத்துக்கு ஏழு நிமிட நடை.

பத்து இருபதுக்கு, விதிப்படி, கடைசி ஆள் பெயர் கூப்பிட்டார்.

“ஒன்பது. ரெகினா பிலார்ஸ்கா.” ஓல்கியெர்ட் நிதானமாகச் சொன்னார், பல்லைப் பிடுங்குமுன் வாயைத் திறக்கச் சொல்பவரைப் போல. “ரெகினா பிலார்ஸ்கா. கடைசியாக் கேக்கறேன், ரெகினா பிலார்ஸ்கா.”

பெயர் அடிக்கப்பட்டது.

பத்து இருபத்தைந்துக்கு அவர் ஓடி வந்தார்.

“என்னைக் கொன்னது சாரெக். உங்கள்ல யாராவது பாத்தீங்களா?”

“காரணம் கேக்கறதில்லையே மேடம்,” என்றார் ஓல்கியெர்ட். “நீங்க எழுதினதுதானே?”

“காரணம் சொல்லலை. சாட்சி கேக்கறேன். அதுவும் நான் எழுதினதுதான். ஒரே ஒருத்தர் போதும்.” என் பக்கம் திரும்பினார். “பத்தாம் நம்பர் சார், நீங்க எனக்கு நேர் பின்னால இருந்தீங்க.”

ஒன்பதாம் இடம் காலியாக இருந்தது. பன்றி வர ஐந்து நிமிடம் இருந்தது. “நான் குகையைப் பாத்துட்டு இருந்தேன்” என்றேன்.

சாரெக்கின் குரல் ரெகினாவின் மைக் வழியே சுவருக்கு அப்பாலிருந்தும் வரிசையிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது. “பாத்தீங்களா அத்தை உங்க லிஸ்டோட யோக்கியதையை? யாருக்காக இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? ஒரு தட்டு தட்டினா அழிஞ்சிடும். அழிங்க. பன்றியை அடிச்சு முதல் தந்தத்தை உங்களுக்கே தர்றேன்.”

அந்தப் பக்கத்தை அழிக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. சாரெக்கின் ஆட்கள் வாளை உருவிக்கொண்டு குகையை நெருங்கினார்கள். பிறகு பக்கத்தின் அடியில் ஒரு வரி தோன்றியது.

“முப்பத்தெட்டு. ரெகினா பிலார்ஸ்கா,” என்று அவரே படித்தார். “சாரெக், உன் ஆளுங்களைப் பின்னால கூட்டிட்டுப் போ. இப்போ உன் நம்பர் முப்பது. குகைப் பக்கம் ஒரு அடி வெச்சா எல்லாரும் சேந்து வெட்டுவாங்க. இந்த விதிக்குச் சாட்சி வேண்டாம்.”

வரிசையிலிருந்த அத்தனை கத்திகளும் அவர்கள் பக்கம் திரும்பின. ஏழு பேரும் பின்வாங்கினார்கள்.

பத்தரைக்குப் பன்றி வந்தது. “ஒன்பதாம் நம்பர்,” என்று ரெகினா என்னைக் கூப்பிட்டார். நான் போய் வெட்டினேன்.

மாலை ஐந்து மணிக்கு நாற்பதாவது கடையும் விற்றுப்போனது; பன்றிக்கு நிற்காமல் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தவர்களும் சில கடைகளைப் பிடித்திருந்தார்கள். அதுவரை அவர் பெயர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. வரிசை இருபத்திரண்டாம் எண்ணோடு முடிந்தது. சாரெக்குக்கும் கடை இல்லை, ரெகினாவுக்கும் இல்லை. அந்த வீட்டில் அன்று இரவு யாரும் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

என் கடை தெற்கு வாயிலருகே இருந்தது. இடுகாட்டுச் சரிவில் விளையும் நீலவேர் அங்கேதான் விலைபோகும் என்பதால் ரெகினா என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். முதல் முறை வந்தபோது இருபது கட்டு கொண்டுவந்தார். பலகையில் இருந்த விலைக்கு மேல் பாதி சேர்த்து எண்ணி வைத்தேன்.

“இது என்ன?”

“சும்மா வெச்சுக்குங்க மேடம்.”

“பலகைல போட்ட விலையைக் குடுங்க,” என்றார். “பாத்ததைச் சொல்லத் துப்பில்லாத ஆள்கிட்ட சும்மா எதையும் நான் வாங்கறதில்ல. சீக்கிரம், பின்னால ஆள் நிக்கறாங்க.”

கூடுதலாக வைத்த காசுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.