சர்வருக்குப் பொட்டு வைத்த நாள்

சிங்கப்பூருக்கு அக்கரையில், மாசாயில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் பழைய பேப்பர் கட்டுக்கும் நடுவே, ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் எங்கள் சர்வர். இணையத்தில் கார் பந்தயம் ஓட்டும் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால், எல்லோருடைய காரும் சந்தித்துக்கொள்வது அந்தப் பெட்டிக்குள்தான். அதைக் கட்டி மேய்ப்பது நான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. யாராவது புது டிராக்கை இறக்கிக்கொள்ள மறந்து உள்ளே வர முடியாமல் தவித்தாலும் குற்றவாளி நானே.

அதனால் நானும் கறாராகத்தான் இருந்தேன். பந்தயம் முடிந்தபின் ஐந்து நிமிடம் காரைச் சும்மா நிறுத்தி வைத்தால், சர்வர் தானாகவே ஆளை வெளியே தள்ளிவிடும். விதி நான் போட்டது. கெஞ்சியவர்கள் உண்டு. நான் மசிந்ததில்லை.

போன சீசனுக்கு அட்டவணை போட்டபோது காலண்டரை விரித்து வைத்து, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று சிவப்பில் கண்ட நாளையெல்லாம் ஒதுக்கினேன். யார் மனமும் நோகக்கூடாது பாருங்கள். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. ஆயுத பூசைக்கு இங்கே விடுமுறை இல்லை, காலண்டரில் சிவப்பும் இல்லை. கடைசிப் பந்தயத்தைக் கொண்டுபோய் அதன் தலையில் வைத்துவிட்டேன்.

அன்று மூன்று மணிக்குப் பந்தயம். பன்னிரண்டு மணிக்கு ஸ்டோரைத் திறந்தால் ஒயர்கள்தான் தொங்கின. பெட்டி சாமி அறையில் இருந்தது. தையல் மெஷினுக்கும் தேங்காய்த் துருவிக்கும் நடுவே, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை. என்னைவிட லட்சணமாக இருந்தது.

பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் பெக்கோக் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லாரி ஓட்டுபவர். நான்கு சீசனாக ஓட்டியும் கோப்பை கிடைக்காதவர். இந்த முறை இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அவரைச் சிங்கப்பூர் வேலைக்கு ஏற்றிப்போக வேன் வருகிறது. அங்கே நான்கு பேர் தங்கும் அறை. ஸ்டீயரிங் வைக்க இடமில்லை. அதாவது, இதுதான் அவருடைய கடைசிப் பந்தயம்.

மனைவியிடம் இதையெல்லாம் சொல்லி, அரை மணி நேரத்துக்கு மட்டும் என்று இழுத்தேன். அவள் சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"என் மெஷினும்தான் உக்காந்திருக்கு. தீபாவளிக்கு இருவது பிளவுஸ் தைக்கக் கெடக்கு. நான் தொட்டேனா?"

வெட்கத்தை விட்டு பெக்கோக்குக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு.

"அண்ணே, நானே கூப்பிடணும்னு இருந்தேன், பயமா இருந்துச்சு. இங்கயும் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வச்சு, பெடலுக்கடியில எலுமிச்சம்பழம் வச்சுட்டாங்க லா."

எங்கள் பந்தயக் குழுவில் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓட்டலாமா என்று கேட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். கோத்தா திங்கியில் இருக்கும் மலாய்க்கார ஆசிரியர்தான் முதலில் பதில் போட்டார். நோன்பு மாதத்தில் எங்களுக்காக இரண்டு முறை நேரத்தை மாற்றினாயே, ஒருநாள் சீக்கிரம் எழுந்தால் குறைந்தா போய்விடுவோம் என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள்.

விஜயதசமி விடியலில் மனைவி குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டினாள். முதலில் தன் மெஷினைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். சர்வரைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"அவருக்கு வேன் வந்துரும். ஓடுங்க."

சந்தனம் காற்றுத் துளைகளை அடைத்திருந்தது. அவளுடைய ஊசியை வாங்கிக் குத்தி எடுத்தேன். ஏழு மணிக்குப் பன்னிரண்டு காரும் உள்ளே வந்துவிட்டன. பெக்கோக்குக்காரர் அன்று ஓட்டியதைப் பார்த்தால் லாரி ஓட்டுபவர் என்று சொல்ல மாட்டீர்கள். கடைசிச் சுற்றில் ஆசிரியரை ஒரு வளைவில் உள்பக்கமாகத் தாண்டி, கோப்பையை வாங்கிவிட்டார்.

எல்லோரும் வாழ்த்திவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர் போகவில்லை. என் திரையில் அவருடைய சிவப்புக் கார் மட்டும் தனியாக நின்றது. நான்காவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அமைப்புகளைத் திறந்து, ஐந்து நிமிட விதியை அழித்தேன்.

பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றது.

"இன்னும் நிக்கிறாரா?"

"நிக்கிறாரு."

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கார் மறைந்தது. அந்த விதியை நான் திரும்ப எழுதவில்லை.