பொருள் முன்னே, ஒலி பின்னே

இத்தாலிய நகரொன்றின் கால்சாப் பகுதியில் நான் வேலைசெய்யும் வீட்டின் மேலறையில் கொரியப் பெண்ணொருத்தி வாடகைக்கு இருக்கிறாள். இசைநாடகப் பாட்டுப் படிக்க வந்தவள், பெயர் சூஜின். அவளுடைய சுவரில் தூரிகையால் எழுதிய ஒற்றைச் சீன எழுத்துத் தொங்குகிறது. தூசி தட்டும்போது அதை எப்படி வாசிப்பதென்று கேட்டேன். "முல் சு" என்றாள். ஓரெழுத்துக்கு ஏன் இரண்டு சொல்? அவளுடைய இத்தாலிய மொழியும் என்னுடையதும் நொண்டுபவை. கையால் காட்டிக் காட்டி விளக்கினாள்: 'சு' என்பது எழுத்தோடு சீனத்திலிருந்து வந்த ஒலி, 'முல்' என்பது தண்ணீருக்கு அவர்களின் சொந்தச் சொல். அங்கே பிள்ளைகள் எந்தச் சீன எழுத்தையும் இப்படித்தான் சொல்லிப் படிப்பார்களாம். சொந்தப் பொருள் முன்னே, வந்த ஒலி பின்னே.

வேற்றூர் எழுத்தைக்கூடத் தங்கள் பொருளோடு கட்டியே உள்ளே எடுத்த சனம் அது. நாங்களோ சொந்தப் பதிகத்தின் பொருளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். அதே நகரின் கபோப் பகுதியில் நாங்கள் வழிபடும் வாடகை மண்டபத்தில், ஆனி உத்தரத்துக்குப் பிள்ளைகள் பாடவென்று பதிகமொன்றை இத்தாலிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பொருள் ஒரு வரிகூட இல்லை. மண்டபச் செயலாளரிடம் கேட்டேன்.

"அன்ரி, பொருள் ஆர் கேக்கினம்? வீடியோவுக்குச் சத்தம் காணும்."

"கிளியும் சத்தம் போடும், தம்பி."

"கிளி கிடைச்சால் கொண்டு வாங்கோ, அதையும் மேடையேத்துவம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெருமான் சந்நிதியில் பொருளறியாமல் வாயசைப்பதை வழிபாடென்று சொல்ல ஒருவருக்கும் நாக் கூசவில்லை.

மறுநாள் அதே ஆத்திரத்தோடு உடுப்புகளுக்கு அயன் போட்டபடி அப்பதிகத்தைப் பாடினேன். சூஜின் வாசலில் நின்று சொல் சொல்லாகப் பொருள் கேட்டாள். முதற்சொல்லுக்கு "தீயோ" என்றேன், கடவுள். இரண்டாவதற்கும் தீயோ. 'மத்தம்' என்றொரு சொல் வந்தது. அதற்கும் தீயோ.

"எல்லாமே கடவுளா?" என்று சிரித்தாள்.

பகடிபண்ணுகிறாளென்று தமிழில் சுடச்சுட ஏசினேன். பாட்டின் அடுத்த அடியென்று நினைத்து அவள் கைதட்டினாள்.

வீடு வந்து, பதிகப் புத்தகத்தின் கடைசியிலுள்ள அரும்பதவுரையை ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் திறந்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மத்தம்: ஊமத்தம்பூ. ஒருவரும் விரும்பாத நச்சுப் பூவை எடுத்துச் சடையில் சூடியவன் அவன். அந்த வரியில்தான் நான் எப்போதும் கண்ணீர் விடுவேன். எதற்காக அழுதேன்? செயலாளர்மேல் இருந்த கோபம் தணியவில்லை, என்மேலும் மூண்டது.

மறுபடியும் செயலாளரிடம் போய் நின்றேன்.

"சரி அன்ரி, ஒரு வரிக்கு மட்டும் பொருள் சொல்லுங்கோ. ஒரு நிமிசம்" என்றார், பிச்சை போடுவதுபோல. வாங்கிக்கொண்டேன்.

அந்த வரியைப் பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே காட்டிவிடுவதென்று, உத்தரத்தன்று பிரான்காச்சோவில் என் குடியிருப்புக்குப் பின்னே, பட்டறை மதிலோரம் மண்டிக்கிடந்த ஊமத்தையில் நாலு பூப் பறித்து மடியில் வைத்தபடி பேருந்தில் இருந்தேன். பக்கத்துப் பெண் தன் குழந்தையை இழுத்து மறுபுறம் இருத்தினாள்.

"சிஞ்ஞோரா, அது நஞ்சு."

"தெரியும்."

"பிறகேன் கொண்டுபோகிறீர்கள்?"

சாமிக்கு என்றேன். அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு முன்னிருக்கைக்குப் போய்விட்டாள்.

பேருந்து நெரிசலில் நின்றது. உள்ளே, இந்தப் பூவின் நஞ்சை மட்டும் அறிந்தவர்கள். நான் இறங்கும் இடத்தில், அதன் பெயரின் ஒலியை மட்டும் அறிந்தவர்கள். வாடிவிடாதபடி முந்தானையால் மூடிப் பிடித்திருந்தேன்.