டோஃபுவின் மேல் வைத்த பாரம்

வீட்டில் எல்லோருக்கும் இனி ஒரே சட்டி என்று அவள் சத்தியம் செய்தது ஆஸ்பத்திரி வாசலில். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பாதிப் பேச்சும் போயிருந்தன. கறி கூடாது, சரியாக மெல்ல வராது, தொண்டையை அடைத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவர் பாத்துக்கிட்டு இருக்க, நாம கறி திங்கிறதா? நமக்குத் தொண்டையில இறங்குமா?" என்று மகனையும் மகளையும் கேட்டாள். இருவரும் தலையை ஆட்டினார்கள். அவளிடம் வாயைத் திறந்து ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

அவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றியதில் அதுவே பட்டப்பெயராகிவிட்டது. "நூறு கிலோ இருக்காரா?" என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள். ராத்திரிச் சட்டியில் கறி இல்லையென்றால் எட்டிப் பார்த்து, "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்கிற மனிதர்.

அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு நாள் முழுக்க இஸ்திரி. சுருக்கம் ஒன்றைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கூட வேலை செய்கிறவள்தான் டோஃபுவைப் பற்றிச் சொன்னாள். சோயாப்பாலில் செய்வது, சத்து நிறைய, அடுப்பில் கால்மணி நேரம் போதும். அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்த மகள், "ஏம்மா, இது குளிக்கவா, திங்கவா?" என்றாள்.

அம்மா விடுகிற ஆளா? இரண்டே நாளில் வித்தையைப் பிடித்துவிட்டாள். கட்டியைத் துணியில் சுற்றி, மேலே தட்டு வைத்து, பரணில் கிடந்த பழைய கரி இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஏற்றினாள். ஒரு மணி நேரத்தில் தண்ணீரெல்லாம் வடிந்து கட்டி இறுகிவிடும். கறித்துண்டு அளவுக்கு வெட்டி, மிளகாய்த்தூள் பிரட்டி, சிவக்க வறுத்து, வெங்காய மசாலாவில் போட்டால் பார்வைக்கு அசல் கறி. அவரைக் கறிக்கு ஏங்க விடமாட்டேன் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

ஐந்தாம் நாள் அந்தத் துண்டு ஒன்று அவர் தொண்டையில் சிக்கியது. முகம் கறுத்துக் கண் பிதுங்கியது. மகன் முதுகில் அறைந்த அறையில் வெளியே வந்து விழுந்தது. எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. பெற்ற பிள்ளைகளின் முன்னால் சட்டையெல்லாம் எச்சிலாக உட்கார்ந்திருந்தவர், மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சியை மட்டும் குடித்தார். அதிலும் பாதி மிஞ்சியது.

ஒரு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டார். இன்னும் இறங்கினால் மூக்கில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு என்றார் டாக்டர். அவள் அழுதாள். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். துண்டு பெரிசு, அதுதான் தப்பு என்று சின்னதாக வெட்டினாள். வாசனைக்காவது வருவார் என்று இன்னும் முறுக வறுத்தாள். இஸ்திரிப் பெட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது. அவர் வரவில்லை.

ஒரு சாயங்காலம் பெட்டியை ஏற்றிவிட்டு வெங்காயம் நறுக்கத் திரும்பினாள். பின்னால் காலை இழுத்து நடக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால், அவர் இடது கையால் பெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்.

"ஐயோ, கால்ல போட்டுக்கப் போறீங்க! விடுங்க!"

விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கி, மெல்லக் குனிந்து தரையில் வைத்தார். நூறு கிலோ சுமந்தவருக்கு அந்த இரும்புப் பெட்டிக்கே மூச்சு வாங்கியது.

"கறி வேணாம்." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கறி மாதிரியும்... வேணாம்."

"எல்லாம் உங்களுக்காகத்தானேங்க..."

"நூறு கிலோ போயிட்டான். அவனுக்கு ஆக்காத." மூச்சை இழுத்துக்கொண்டார். "நான் இருக்கேன். எனக்கு ஆக்கு."

இத்தனை நாளும் யாருக்குச் சமைத்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுது தீர்த்தாள்.

அன்று கட்டியைப் பிழியவில்லை, வறுக்கவில்லை. தக்காளியும் பூண்டும் கெட்டியாகக் குழைந்ததும் டோஃபுவை அதிலேயே உதிர்த்துக் கரண்டியால் மசித்தாள். பத்தே நிமிஷம். குழைந்த சோற்றோடு நாலு தட்டிலும் அதுவேதான், நாலு பேருக்கும் ஸ்பூன்.

அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் வாய் வைத்தபோது மற்ற மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இறங்கியது.

"என்ன வேடிக்கை? சாப்பிடுங்க," என்றார்.

கடைசியில் தட்டை அவள் பக்கம் நீட்டினார். ஒற்றைக் கையில் தட்டு சாய்ந்தது. மகன் பிடிக்கப் போனான். அவள் கண்ணாலேயே தடுத்தாள். அவர் தட்டை அவரே பிடித்திருக்க, அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.