என் காரைக் கழுவியது யார்?

எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் விதி இப்படிச் சொல்கிறது: நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் எவரும் எக்காரணம் கொண்டும் வாகனம் கழுவலாகாது. 'எக்காரணம் கொண்டும்' என்பதைச் சேர்த்தவன் நான். குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்தபோது, இல்லாவிட்டால் எங்கள் சனம் காரணத்தோடு கழுவும் என்று வாதாடிச் சேர்த்தேன்.

அந்த விதி மீறப்பட்டது இரண்டு வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில், தென்மேற்குக் காற்று கடலைக் கிளறிக்கொண்டிருந்த மாதங்களில். மீறிக் கழுவப்பட்ட வாகனம் என்னுடையது.

வெள்ளவத்தையில் கார் வைத்திருப்பவருக்கு உப்புக்காற்றை விளக்கத் தேவையில்லை. கட்டடத்தின் அடியில் உறை போர்த்தி நிறுத்தினாலும் காற்றோட்டத் துவாரங்கள் வழியே வந்து, கண்ணாடியில் மெல்லிய பால் ஆடைபோலப் படியும். ஓய்வு பெற்றபின் இதற்கு மருந்து தேடுவதே என் வேலையாயிற்று. பாத்திரம் கழுவும் திரவம் உப்போடு மெழுகையும் கொண்டுபோய்விடும். ஸ்பொஞ்ச் மண்ணைப் பிடித்து வைத்துப் பெயின்றைக் கீறும். மென்மையான ஷாம்பூ வேண்டும்; வாளி இரண்டு வேண்டும், ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசும் நீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். சில்லுக்குத் தனித் துணி. இதையெல்லாம் சனிக்கிழமைகளில் பாமன்கடையில் தங்கை வீட்டு முற்றத்தில் செய்வேன். கீழே குழாய் இருந்தும் அங்கே போவதைப் பார்த்து மனைவி சிரிப்பாள். விதி விதிதான் என்பேன்.

ஒரு புதன்கிழமை காலை உறையை நீக்கினேன். கார் கழுவப்பட்டிருந்தது.

மழை நிலத்துக்குக் கீழே பெய்யாது. உப்பின் சுவடே இல்லை. நீர்ப்புள்ளி ஒன்றுகூட இல்லை. அதாவது கழுவியவர் ஈரத்தை உடனே ஒற்றியெடுத்திருக்கிறார். யாரோ கார் மாறிக் கழுவிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த கிழமையும் அப்படியே. இம்முறை டயர்களுக்குக் கறுப்புப் பூச்சும் போட்டிருந்தது.

"ஜப்பானில இருந்து வந்த கார். அங்க ஆர் செத்ததோ, என்ன நடந்ததோ" என்றாள் மனைவி.

"ஜப்பான் பேய்க்கு வெள்ளவத்தையில என்ன வேலை? விசாவும் குடுக்கமாட்டாங்கள்."

"பகிடி விடாதேங்கோ. தேசிக்காய் வெட்டாமல் எடுத்த கார் எண்டு அப்பவே சொன்னனான்."

நான் தேசிக்காயை நம்புகிறவன் அல்ல, கடதாசியை நம்புகிறவன். கட்டட முகாமைக் கம்பனிக்கு எழுதினேன். ஒன்பதாம் விதியை மேற்கோள் காட்டி, அடையாளம் தெரியாத நபர் ஒருவர் என் வாகனத்தை என் அனுமதியின்றிக் கழுவிவருகிறார் என்றும், கமராப் பதிவுகளை ஆராய்ந்து ஆளை இனங்காணுமாறும் கேட்டேன். பதில் வரவில்லை. கார் மறுபடியும் கழுவப்பட்டது.

பயம் வந்தது அதற்குப் பிறகுதான். என் துணிகளையும் வாளிகளையும் காரின் பின்பெட்டியில்தான் வைத்திருப்பேன். அன்று திறந்தபோது துணிகள் ஈரமாக இருந்தன. நாலாக மடித்து, ஓரங்கள் உள்ளே போகும்படி அடுக்கப்பட்டிருந்தன. அப்படி மடிப்பவர் உலகத்தில் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். சில்லுத் துணி மற்றவற்றோடு படாமல் ஒரு பையில் தனியாக இருந்தது.

மேலே வந்து இடியப்பத்தைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். சொதி ஊற்ற வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"கையில என்ன மணம்?"

முகர்ந்து பார்த்தேன். என் ஷாம்பூவின் எலுமிச்சை மணம். விரல் நுனிகள் நெடுநேரம் நீரில் கிடந்தவைபோலச் சுருங்கியிருந்தன. நான் அன்று இன்னும் குளிக்கவில்லை.

என் அண்ணர் கடைசிக் காலத்தில் கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்து 'வாங்கோ, இருங்கோ' என்று உபசரித்தவர். எனக்கும் அதே வயது வந்துகொண்டிருந்தது. இடியப்பத்தை வைத்துவிட்டுக் கீழே போனேன். பேயாக இருந்தால் நல்லது என்று நேர்ந்துகொண்டுதான் படியிறங்கினேன்.

எங்கள் காவலாளி ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பது வயதிருக்கும், அளந்து பேசுவார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"தம்பி, என்ர காரை ஆர் கழுவுறது? உள்ளதைச் சொல்லும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லலாமாங்க ஐயா? விதி முடிஞ்சிருச்சாங்களா?"

"விதி எப்பிடி முடியும்? அது எப்பவும் இருக்கும்."

"ஐயோ, எப்பவுமேவா?"

"ஓம். நான் எழுதின விதி எனக்குத் தெரியாதே?"

அவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். "ஐயா என்னென்னமோ பேசுறீங்க. தலையெழுத்த நம்ம எழுத முடியுங்களா?"

இருவரும் வேறு வேறு விதியைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. முதல் தடவை, விடியமுன் இருட்டில், நான் வாளியோடு குழாயடிக்கு வந்தபோது, இந்த நேரத்தில் எதற்கு என்று கேட்டாராம். நான் அவரைத் திரும்பியும் பாராமல், "விதி இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதேயும்" என்றேனாம். சனி பகவானுக்கு ஏதோ பரிகாரம், வெளியே சொன்னால் பலிக்காது என்று அவர் எடுத்துக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் விலகி நின்றிருக்கிறார். முகாமையாளர் கேட்டபோதும் வாய் திறக்கவில்லை.

கமராப் பதிவை அங்கேயே, பட்டப்பகலில், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

சாரம் கட்டிய ஒரு வயோதிபர் வருகிறார். உறையை வெளிப்பக்கம் உட்பக்கத்தோடு உரசாமல் சுருட்டுகிறார். பின்பெட்டியிலிருந்து இரண்டு வாளி. கூரையில் தொடங்குகிறார். துணியை ஒவ்வொரு தடவையும் அலசுகிறார். கண்கள் திறந்திருக்கின்றன, ஆனால் கை போகும் இடத்துக்குக் கண் போகவில்லை. பிழை கண்டுபிடிக்க முயன்றேன், ஒன்றும் இல்லை. நான் அவ்வளவு திருத்தமாகக் கழுவி நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் சாரத்து மடிப்பிலிருந்து சாவியை மறுபடியும் எடுத்தார்.

டயருக்குப் பூச்சுப் போடும்போது, தரையில் பதிந்திருக்கும் பகுதிக்கும் பூசுவதற்காகக் சில்லு அரைச் சுற்று உருளும் அளவுக்குக் காரை நகர்த்த வேண்டும். அதுவும் முறைதான். அவர் ஏறி உட்கார்ந்தார். விளக்குகள் எரிந்தன. கார் முன்னே வந்தது. காவலாளி எதிரே நின்று, வரலாம் வரலாம் என்று கையசைக்கிறார். அவருக்குப் பின்னால் வீதிக்கு ஏறும் சரிவு. படலை திறந்திருக்கிறது.

கார் நின்றது. ஆனால் அவர் இறங்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, சரிவின் உச்சியில் தெரிந்த வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசிக்கிறேன்?" என்று கேட்டேன். காவலாளியிடம்தான் கேட்டேன்; வேறு யாரிடம் கேட்பது?

"தெரியலீங்க. அன்னிக்கி எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. கண்ணாடியில தட்டி, 'ஐயா, டயரு'ன்னேன். உடனே எறங்கிட்டீங்க."

அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அந்தக் கார் எங்கே போயிருக்கும், யாரை இடித்திருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போனேன். எனக்கு நித்திரைக் குளிசை தந்த வைத்தியர், என் பள்ளித் தோழன், அங்கேதான் இருக்கிறான். ஓய்வு பெற்றபின் நித்திரை என்னைக் கைவிட்டிருந்தது. அந்த வருடம்தான் குளிசை தொடங்கியிருந்தேன். அவன் என் தலையைப் பலவிதமாகச் சோதித்தான். பின்னோக்கி எண்ணச் சொன்னான், மணிக்கூடு வரையச் சொன்னான்.

"மூளை பிழையில்லையடா. குளிசைதான். ஆயிரத்தில ஒருத்தருக்கு இப்பிடி எழும்பித் திரியச் செய்யும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இறால் கறி வைச்சுப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தவர்."

"உப்புப் புளி சரியாமோ?"

"திறமாம்."

இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு அரைவாசியில் நின்றுவிட்டது.

குளிசையை நிறுத்தினேன். சாவியை மனைவி அரிசிப் பேணிக்குள் வைத்தாள். ஒன்பதாம் விதியை மீறிய குற்றத்தைச் சங்கத்துக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டேன். காவலாளி மீது பிழை இல்லை என்பதையும் அதில் சேர்த்தேன். அவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். சனி பகவான் என்னை விட்டுவிட்டார் என்பதில் அவருக்கு உறுதி.

கார் இன்று மறுபடியும் உப்புப் படிந்துதான் நிற்கிறது. கழுவும்போது சில வேளை கை தானாகவே அலசி, தானாகவே மடிக்கிறது. அப்போது நிறுத்திவிட்டு, என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். முறை தெரிந்தவன் விழித்திருப்பவன் என்றுதான் வாழ்நாள் முழுவதும் நம்பியிருந்தேன். முறைக்கு நான் தேவையே இல்லை என்பதை அந்தச் சாரம் கட்டிய மனிதர் காட்டிவிட்டார்.

முகாமைக் கம்பனிக்கு அனுப்பிய முதல் முறைப்பாட்டுக்கும் கடைசியில் பதில் வந்தது. உரிய விசாரணை நடத்தப்பட்டதாகவும், நான் குறிப்பிடும் நபர் அவ்வேளைகளில் அங்கே இருந்ததாகக் கொள்ள இயலாது என்றும் எழுதியிருந்தார்கள். மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.