சூளையில் எடுத்த பேட்டி

இரண்டாயிரங்களின் நடுவில் ஜெர்மனியில் புலம்பெயர்வு பற்றி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பல நாட்டுக்காரர்கள். ஆய்வுக்கு ஆளுக்கொரு எல்லையைத் தேடிப் போனார்கள். நான் திருத்தணிக்குத் திரும்பினேன். ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளையில் ஒரிசாக் குடும்பங்கள் கல் அறுத்தன. அங்கே மேஸ்திரி என் அக்கா கணவர்தான்.

"வந்து பேசிக்கினு போம்மா, இன்னா இருக்குது இதுல?" என்றார் பாவா.

மூன்றாம் நாள் ஒருவர் என் அரைகுறை இந்திக்கு மனம் திறந்தார். ஊருக்குப் போக விடுவதில்லை, காய்ச்சலில் படுத்தாலும் இழுத்து வருகிறார்கள் என்று சொல்லி, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். பேசுவதால் எந்தத் தீங்கும் வராது என்று, பல்கலைக்கழக ஒப்புதல் தாளில் இருந்தபடி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலை பாவா அவரை மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டிருந்தார். அவர் சேற்றில் குப்புறக் கிடந்தார். காலைப் பிடித்துக் கெஞ்சிய அவர் மனைவியையும் பாவா உதைத்தார். மற்றவர்கள் தலை நிமிராமல் கல் அறுத்தார்கள். நான் குறுக்கே பாய்ந்தேன். அடுத்த அடி என் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

"உன்னாலதான்டி அடி வாங்குறான்! நீதானே பேச வெச்ச?"

அது பொய்யில்லை.

மாவுக்கட்டோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், இடது கையால் கோணல்மாணலாகப் புகார் எழுதினேன். அவர் பேட்டியைப் பதிவு செய்திருந்த கேசட்டையும் கொடுத்தேன். வீட்டில் நைனா காத்திருந்தார்.

"அக்கா வாழ்க்கைய நெனச்சியா? வாபஸ் வாங்கிக்கினு வா."

"மாட்டேன் நைனா."

அறைந்தார். அதற்குமுன் அவர் என்னைத் தொட்டு அடித்ததில்லை.

அதிகாரிகள் போலீசோடு வந்து எல்லாரையும் மீட்டு அரக்கோணத்தில் ரயிலேற்றினார்கள். அடிபட்டவர் என்னைப் பார்க்கவேயில்லை. பாவா சில வாரங்களில் ஜாமீனில் வந்து, ஆத்திரத்தை அக்காமேல் தீர்த்தார். கிழிந்த உதட்டோடு, இரண்டு குழந்தைகளோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

"ஜெர்மனிக்குப் போய் இதையும் எழுது" என்றாள்.

எழுதவில்லை. அவள் பாவாவிடம் திரும்பவுமில்லை. பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னோடு மறுபடி பேச அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.