இரண்டு முறை கட்டிய டோலி

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். கொடைக்கானல் மலையில், பூம்பாறைக்கும் அப்பால் உள்ள ஒரு சின்ன ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பழனி அடிவாரத்தில் அர்ச்சனைச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள் நான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். பூண்டு செடியில் எப்படி இருக்கும் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். அந்தப் பங்குனியில் எனக்கு ஒன்பதாம் மாதம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். எனக்குப் போக இடமில்லை. என் தம்பியைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா இறந்துவிட்டாள். அப்போது எனக்கு ஏழு வயது. சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமியாருக்கு வருத்தமாக இருக்குமோ, நம் வீட்டை நம்பவில்லை என்று நினைப்பாரோ என்று யோசனை. நல்ல மனுஷி அவர். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

அதற்குப் பதிலாக, பிரசவத்துக்கான ஏற்பாடுகளில் இறங்கினேன். ஐந்தாம் மாதம் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் காட்டியபோது நர்சம்மா அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருந்தார். பழைய வேட்டியைக் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்தி எடுத்துவைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மலையில் வெயிலை நம்ப முடியாது. மூட்டம் வந்து துணி ஈரமாகிவிட்டால் சுத்தம் போய்விட்டதோ என்று மறுபடியும் கொதிக்க வைப்பேன். நான்காவது முறை அடுப்பில் ஏற்றியபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, வேட்டிய அவிச்சுப் பிள்ளைக்கு ஊட்டப் போறியா?"

அவர் நான்கு பெற்றவர். நான்கும் வீட்டிலேயே.

எங்கள் ஊருக்கு அப்போது வண்டிப் பாதை கிடையாது. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், கம்பளியை நீளக் கம்பில் தொட்டில்போலக் கட்டி, அதில் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றிப் பூம்பாறை வரை தூக்கிப் போவார்கள். அதுதான் டோலி. அங்கிருந்து காய்கறி லாரியில் கொடைக்கானல். டோலி என்று குரல் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அது ஊர்க் கட்டுப்பாடு.

பூண்டு எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் என் வயிறு கல்போல இறுகியது. விட்டுவிட்டு மறுபடியும் இறுகியது. நான் அலறிவிட்டேன். தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட பூண்டை அப்படியே விட்டுவிட்டு எட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா என்னை உள்ளே படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, இது பொய் வலி, இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். தொடர்ந்து இன்னொன்றும் சொன்னார். குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை. அப்படியே இருந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கக் கூடாது. டவுனிலேயே எங்காவது தங்கிவிடு, முடியாவிட்டால் வலி கண்ட உடனே புறப்பட்டு வந்துவிடு என்றார்.

வெளியே வந்தேன். கோடை மழை பிடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவரும், டோலியின் முன்கம்பைத் தூக்கி வந்த ஒரு மாமாவும் நனைந்த தலையோடு நின்றார்கள். மாமா ஊர் இருந்த திக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பூண்டும் வெளியேதான் கிடந்தது.

என்ன சொன்னாங்க என்று கணவர் கேட்டார். ஒன்றுமில்லையாம், பொய் வலியாம், போகலாம் என்றேன். தலை திரும்பாததைச் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தங்கவைப்பார். எடுப்பு நேரத்தில் மாமியாரும் துணைக்கு வந்து உட்கார வேண்டியிருக்கும். என் ஒரு அலறலுக்கு இவ்வளவு போதாதா என்று தோன்றிவிட்டது. அதை ஏன் சொல்லாமல் விட்டேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பூம்பாறையிலிருந்து மெதுவாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன். டோலியில் போனவள் நடந்து வருவதை ஊரே பார்த்தது. நனைந்த பூண்டில் பாதி அழுகிப்போனது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்த் துறையில் பெண்கள் கேலி செய்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "படிச்ச புள்ளைல்ல, ஆசுபத்திரி திறந்து கெடக்கான்னு பாத்துட்டு வந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனிமேல் நிச்சயம் தெரியாமல் வாய் திறப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

பதினெட்டு நாள் கழித்து, விடியும் நேரத்தில் இடுப்பில் வலி தொடங்கியது. எல்லோரும் தோட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் ஒரு மாதிரி இருக்கே என்று மாமியார் கேட்டார். தூக்கம் சரியில்லை அத்தை என்றேன்.

அவர்கள் போனதும் டைம்பீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நர்சம்மா கொடுத்த தாளின் பின்பக்கத்தில், வலி வரும் நேரத்தைப் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். ஒழுங்கான இடைவெளியில் வந்தால்தான் உண்மை வலி என்று அதில் இருந்தது. இடைவெளி அரை மணியாக இருந்தது, இருபது நிமிஷமானது, பிறகு பத்து. அப்படியும் இன்னும் இரண்டு வலி பார்ப்போம், இன்னும் இரண்டு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அம்மாவின் சத்தம் என் தொண்டை வரை வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நடுப்பகலில் பக்கத்து வீட்டு அக்கா சாக்கு ஒன்று கேட்டு வந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். கீழே கிடந்த தாளைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வரிசை வரிசையாக எழுதியிருந்தது எதற்கென்று புரிந்துவிட்டது.

"எப்ப இருந்துடி?"

"விடியக்காலையிலிருந்து. அக்கா, இதுவும் பொய்யா இருந்தா என்ன செய்ய?"

அவர் என் கன்னத்தை ஒரு தடவை தொட்டார். பிறகு வெளியே போய்த் தோட்டத்துப் பக்கம் பார்த்து டோலிக்குக் குரல் கொடுத்தார்.

அதே எட்டுப் பேர் வந்தார்கள். என் கணவரும் மாமியாரும் அக்காவும் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். குழந்தை திரும்பாததை அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னேன். மாமியார் ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு, "வெரசாப் போங்கப்பா" என்று மட்டும் சொன்னார். முன்கம்பில் அன்றைக்கு வந்த மாமாதான். கம்பளிக்குள்ளிருந்து அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துச் சொன்னேன்:

"மாமா, உங்க பூண்டெல்லாம் என்னாலதான் அழுகிப்போச்சு. இதுவும் பொய்யா இருந்தா மன்னிச்சிருங்க."

அவர் திரும்பாமல் நடந்துகொண்டே சொன்னார்: "பொய்யா இருந்தாத் திரும்பக் கூட்டியாறப் போறோம், அதுல என்ன தாயி. பத்துத் தடவ கூப்பிட்டாலும் வருவோம். நீ கூப்பிடாம இருந்துட்டீன்னா நாங்க என்ன செய்ய முடியும்?"

பின்கம்பிலிருந்த ஒருவர், "இந்தத் தடவ நடந்து வந்து ஏமாத்தப்படாது. ரெண்டு ஆளாத்தான் வரணும்" என்றார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த வலிக்கு முந்தானையைத் தேடவில்லை. வாய்விட்டுக் கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கால்கள் மட்டும் இன்னும் வேகமாக நடந்தன.

பொழுது சாயும்போது ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். குழந்தை கடைசி வரை திரும்பவே இல்லை. கால்தான் முதலில் வந்தது. டாக்டரம்மாவும் நர்சம்மாவும் வெகுநேரம் போராடினார்கள். மகள் பிறந்து, நீலம் பாரித்த உடம்பு சிவந்து, அவள் அழுத பிறகுதான் என்னைச் சுற்றி நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மறுநாள் நர்சம்மா, மாமியார் பத்திரப்படுத்தியிருந்த அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். முதல் வரியில் 6.40 என்று இருந்தது. "இத்தனை நேரமும் எழுதிக்கிட்டா இருந்தே?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவளுக்குக் காய்ச்சல் கண்டால், இது பெரிதா சின்னதா, வீணாக எல்லோரையும் அலைய வைக்கிறேனா என்று இப்போதும் வாசலில் நின்று தயங்கத்தான் செய்கிறேன். அந்தத் தயக்கம் என்னை விட்டுப் போகவில்லை, ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்பதை மட்டும் அந்த மலைப்பாதையோடு விட்டுவிட்டேன்.