ஆள் நீளச் சட்டம்

போர்மேன் மாமா குவார்ட்டர்ஸின் பின்பக்கச் சுவரில் ஒரு மூங்கில் சட்டம் சாய்ந்து நிற்கிறது. ஆள் நீளம், இரண்டு முழ அகலம், குறுக்கே நெருக்கமாகத் தேங்காய் நார்க் கயிறு. கடற்புல் நாற்றுகளைக் கட்டிக் கடலடியில் பதிக்க எங்கள் குழு செய்கிற சட்டங்கள் எல்லாம் சதுரம். இது மட்டும் நீளம். அவர் அதைக் கட்டிக்கொண்டிருந்த அன்று, "என்ன மாமா, பாடை கட்டறீங்களா?" என்று சிரித்துத் தொலைத்தேன். அத்தை உள்ளேயிருந்து, "வாயக் கழுவுடி!" என்று கத்தினார். மாமா நிமிரவே இல்லை. "இந்த அளவுதாம்மா வேணும்" என்றார். என் நாக்கில் என்ன சனி உட்கார்ந்திருந்ததோ, மூன்றே வாரத்தில் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சொந்த ஊர் வடக்குத்து. கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரம் ஓட்டி, போர்மேனாக ஓய்வு பெற்றவர். வெள்ளாறு கடலில் சேருமிடத்தில் அழிந்துபோன கடற்புல்லை மறுபடி நடும் வேலையில் நான் இருந்தேன். இறாலும் நண்டும் குஞ்சாக ஒதுங்குவது அந்தப் புல்லில்தான். அது போனபின் கரையோர வலைகள் காலியாக வந்துகொண்டிருந்தன. இதைக் கேள்விப்பட்டு, "நானும் வரட்டா பாப்பா? ஆயுசுக்கும் வெட்டிக்கினே இருந்துட்டேன். ஒண்ணாச்சும் நட்டுப் பாக்கறேன்" என்று வந்து நின்றார்.

நல்ல புல்வெளியிலிருந்து நாற்று எடுப்பதற்கு ஒரே விதிதான். ஒரு பிடி எடுத்தால் பத்தடி தள்ளிப் போய்விட வேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் மண் பிடிமானம் இழந்து அரித்துக்கொண்டு போய்விடும். மாமாவிடம் இதைச் சொன்னேன்தான். ஆனால் அவர் கை பழகியது சுரங்கத்துக்கு. ஓரத்தில் தொடங்கி, நூல் பிடித்தது போல நேராக, ஒரு வேர் மிச்சம் வைக்காமல் வழித்துக்கொண்டே போனார். பாதியில் அவருக்கே உறைத்தது. "பாப்பா, ஒரே எடத்துல எடுத்துக்கினு இருக்கறனே, தள்ளிப் போவட்டா?" என்றார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, கடைசிச் சட்டம் நிரம்பவில்லை. "பரவால்ல மாமா, இங்கயே எடுத்து முடிங்க" என்றேன். சொன்னது நான்தான்.

நட்ட புல் பிழைத்தது. எடுத்த இடம் பிழைக்கவில்லை. மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால், பச்சைக்கு நடுவே வெறும் மணல்.

மாமாவோ என்னைக் கண்டபோதெல்லாம், "எடுத்த எடத்துல புல்லு வந்துச்சா?" என்பார்.

"வந்துடுச்சு மாமா, நல்லா வந்துடுச்சு."

"ம், சரி."

அவர் மனசு நோகக் கூடாதே என்றுதான் பொய் சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என் தப்பை அவரிடம் ஒத்துக்கொள்ளத் துணிச்சலில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அத்தை சொன்னார். "கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு நாளு சேத்தியாத்தோப்பு பஸ் ஏறிக் கடலுக்கே போயிட்டாரும்மா. முட்டித் தண்ணியில நின்னு அந்த மொட்டை எடத்தக் கயித்தால அளந்துக்கினு வந்தாரு. 'எனக்காவ பாப்பா பொய் சொல்லிக்கினு இருக்குது, பாவம்'னாரு. அப்புறம்தான் மூங்கில வெட்டினாரு."

உங்களுக்காக இல்லை மாமா, எனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று அவரிடம் திருத்திச் சொல்ல இனி வழியில்லை. இன்றும் தண்ணீரில் இறங்கினால், "தள்ளிப் போவட்டா?" என்ற குரல் முதுகுக்குப் பின்னாலேயே கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

நாளை குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். சாமான் ஏற்றும் வண்டி வாசலில் நிற்கிறது; சட்டத்தைக் கடற்கரையில் இறக்கிவிட்டுத்தான் போகும். சட்டத்தின் ஒரு முனையை அத்தை பிடித்தார், மறுமுனையை நான். அன்று அவரைத் தூக்கிப் போனபோது பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். வண்டியில் ஏற்றி இறுக்கமாகக் கட்டிவிட்டு, அத்தை கயிற்றைத் தடவியபடி கேட்டார்.

"இத வச்சா அந்த மொட்டை எடத்துல புல்லு வந்துடுமாடி?"

வந்துடும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியல அத்தை" என்றேன்.